பந்தலுக்குக் கட்டிய திடல் துணி

கல்யாணத்தில் இருந்தவர்களைச் சொல்கிறேன். என் தங்கை, மணப்பெண். மாப்பிள்ளை, கெலுகோர்ப் பக்கத்துத் தோட்டத்து ஆள். என் அப்பா. அம்மா முன்பே போய்ச் சேர்ந்துவிட்டதால் அவர் இடத்தில் அத்தை. அத்தை மகள். வண்ணாந்துறைக் குடும்பங்கள், ஒருத்தர் பாக்கி இல்லாமல். கடற்கரைத் திடலைப் பார்த்துக்கொள்ளும் மலாய்க்காரர். அவரைப் பாங் என்று கூப்பிடுவோம், அண்ணன் என்று அர்த்தம். நான். கடைசியாக, பந்தலுக்கு நடுவில், எங்கள் வீட்டில் இருந்த ஒரே நாற்காலியில், கேப்டன் துரை.

இரண்டு நாள் கழித்து அவருக்கு ஒரு கண் போயிற்று. எங்கள் கைக்கு வந்த துணியால் போயிற்று. இதில் ரகசியம் ஒன்றும் இல்லை. அப்போது பினாங்கில் இருந்த எல்லோருக்கும் தெரியும். தெரிந்தவர்கள் குறைந்துகொண்டு வருகிறார்கள். தெரியாதவர்கள் வேறு மாதிரிச் சொல்கிறார்கள். அதனால் எழுதுகிறேன். படிப்பு எனக்கு அதிகம் கிடையாது. கோயில் கொட்டகையில் கொஞ்ச காலம் மணலில் எழுதினேன், அவ்வளவுதான்.

துரை ஜெர்மன் சண்டையில் மதராஸ் பட்டாளத்தோடு இருந்தவர். சண்டை முடிந்த பிறகு இங்கே அனுப்பினார்கள். இங்கே வாலண்டியர் படை இருந்தது. பேங்கில் கணக்கு எழுதும் கிராணிகளும் பள்ளிக்கூட வாத்தியார்களும் சாயந்திரத்தில் துப்பாக்கி பிடிக்கப் பழகுவார்கள். அவர்களைப் பழக்குவது இவர் வேலை.

தமிழ் பேசுவார். சிப்பாய்களிடம் படித்த தமிழ். அதில் மரியாதை கிடையாது. அப்பாவைப் பார்த்து, "பெரியவரே, நீ சோறு தின்னியா?" என்பார். அப்பா கோபிக்க மாட்டார். "மெட்ராஸ்காரன் சொல்லிக் குடுத்தது அவ்வளவுதான். தொரெ என்ன பண்ணுவார்?" என்பார்.

ஒரு ஆளின் துணியைப் பல வருஷம் துவைத்தால் அந்த ஆள் தெரிந்துபோவார். அவர் வந்த புதிதில் காக்கிச் சட்டையின் தோள்பட்டியில் நட்சத்திரம் குத்த இரண்டு ஓட்டை இருந்தது. பிறகு மூன்று ஆயிற்று. மூன்றான அன்றைக்கு மூட்டையை வேலைக்காரனிடம் கொடுத்தனுப்பவில்லை. அவரே சைக்கிளில் கொண்டுவந்தார். தோளை என் பக்கம் காட்டினார். "அடுத்தது கிரீடம், தம்பி. மேஜர். ஒரே ஓட்டை போதும். உனக்கு இஸ்திரி சுலபம்."

காக்கியைவிட வெள்ளைதான் அதிகம் வரும். ஹாக்கி ஆடிய வாரம் முழங்காலில் புல் கறை. ஓட்டப் பந்தயம் என்றால் பனியனில் உப்புப் பூத்திருக்கும். கிரிக்கெட் மாதங்களில் கால்சட்டையின் தொடையில் சிவப்புத் தீற்று. பந்தை அங்கே தேய்ப்பார்கள், தோல் சாயம் ஒட்டிக்கொள்ளும். அதைப் பார்த்துவிட்டு அப்பா சொல்வார், "இந்த வாரம் தொரெ நல்லாப் போட்டிருக்கார்டா." ஒருநாள் துரையிடமே சொல்லிவிட்டார். துரை சிரித்தார். "இல்ல பெரியவரே. ரொம்பத் தேய்ச்சேன். ஒருத்தனும் அவுட் ஆகல."

ஓட்டத்தில் இந்தத் தீவில் அவரை முந்த ஆள் இல்லை. ஹாக்கியில் பஞ்சாபிப் போலீஸ்காரர்கள் முந்துவார்கள். கிரிக்கெட்டில் மட்டையும் பிடிப்பார், பந்தும் போடுவார். பினாங்கு அணிக்குத் தலைவரும் அவர்தான். அந்த வருஷம் பேராக் அணி இங்கே வந்து ஆட இருந்தது. அதில் ஜெயித்தால் மலாயா முழுவதற்கும் எடுக்கும் அணிக்கு இவர்தான் தலைவர் என்று பேச்சு. சிங்கப்பூரில் இருந்த பெரிய அதிகாரிக்கு ஆட்டம் என்றால் உயிர் என்றும், கிரீடம் அங்கிருந்துதான் வரவேண்டும் என்றும் துரையின் சமையல்காரர் சொன்னார். எங்களுக்கும் அது நடக்க வேண்டும் என்று இருந்தது. நாங்கள் துவைத்த ஆள் அல்லவா.

திடலில் கடல் பக்கம் ஒரு வெள்ளைத் திரை நிற்கும். இரண்டு ஆள் உயர மரச்சட்டம், அதில் கட்டிய துணி. பந்து போடுகிறவருக்குப் பின்னால் இருக்கும். எதற்கு என்று ஒரு தடவை துரையைக் கேட்டேன். "பந்து செவப்பு. பின்னால வெள்ளை இருந்தாத்தான் எனக்குத் தெரியும். இல்லேன்னா மூஞ்சியில வாங்குவேன்" என்றார்.

மழைக்காலத்தில் அந்தத் துணி பூஞ்சை பிடித்துக் கறுப்புப் புள்ளியாகிவிட்டது. திடல் வெள்ளைக்காரர் கிளப்புடையது, அதன் துணியெல்லாம் எங்களிடம்தான் வரும். ஆட்டத்துக்கு முன்னால் வெளுத்துத் தரச் சொல்லித் துரை இதையும் அனுப்பினார். வெள்ளாவி வைத்து, ஆற்றில் அலசி, கஞ்சி போட்டுக் காயவைத்தோம். கொக்கு மாதிரி ஆகிவிட்டது.

எங்கள் ஆட்களிடம் ஒரு வழக்கம் உண்டு. வீட்டில் நல்லது நடந்தால் பந்தலுக்குள் தலைக்கு மேலே வெளுத்த துணியை மேற்கட்டியாகக் கட்டுவோம். ஊரில் மற்றவர்கள் வீட்டுக் கல்யாணத்துக்கும் நாங்கள்தான் கட்டுவோம். துணி யாருடையது என்று பார்ப்பதில்லை. துவைத்துத் திருப்பிக் கொடுக்கும்வரை எங்கள் கையில் இருக்கிற துணிதான் அது. ஒருத்தரும் குறை சொன்னதில்லை. ஆனால் இது பட்டாளத்துரை அனுப்பிய துணி என்பதால் அப்பா கேட்டுவிடலாம் என்றார்.

"தொரெ, வியாழக்கிழமை எங்க வீட்டுல கல்யாணம். இந்தத் துணி பந்தலுக்கு அளவா இருக்கு."

"கட்டு, பெரியவரே. ஆனா எனக்குச் சோறு போடு."

"நீங்க வரப்போறீங்களா?"

"என் துணி வருது. நான் வரமாட்டேனா?"

வந்தார். இலையில் உட்கார்ந்து கையால் சாப்பிட்டார். ரசம் முழங்கை வரைக்கும் ஓடியது. பெண்கள் பார்த்துப் பார்த்துச் சிரித்தார்கள். பாங் பக்கத்தில் உட்கார்ந்து, அப்பளத்தை உடைத்துச் சோற்றோடு பிசையச் சொல்லிக் கொடுத்தார்.

சாப்பாடு முடிந்ததும் மஞ்சள் தண்ணீர். முறைக்காரர்கள் ஒருத்தர் மேல் ஒருத்தர் ஊற்றுவது. என் அத்தை மகள் சொம்பைத் தூக்கிக்கொண்டு என்னைத் துரத்தினாள். நான் பந்தலைச் சுற்றி ஓடினேன். துரை எழுந்து நின்று கை தட்டினார். "ஓடு, ஓடு! இடது பக்கம்!" நான் நாற்காலிக்குப் பின்னால் போய் ஒளிந்தேன்.

"வெள்ளைக்காரத் தொரைக்குப் பின்னால ஒளிஞ்சா விட்டுடுவேனா?" என்றாள்.

"ஊத்து பார்க்கலாம்" என்றார் துரை.

விளையாட்டுப் பெண். ஊற்றிவிட்டாள். சொம்பை வீசினாள் என்றே சொல்ல வேண்டும். துரை ஒரு குனி குனிந்தார். நானும் குனிந்தேன். தண்ணீர் எங்கள் தலைக்கு மேலே போய் மேற்கட்டியில் அடித்தது. ஒரு பாய் அகலத்துக்குத் துணி மஞ்சளாயிற்று. பந்தலே சிரித்தது. துரை நிமிர்ந்து மேலே பார்த்து, "நாட் அவுட்" என்றார்.

அப்பா மட்டும் சிரிக்கவில்லை. துணியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மஞ்சளை வெயில்தான் தின்னும். சோப்பு தின்னாது. சோடா போட்டால் சிவந்துவிடும், அதனால் மறுபடி வெள்ளாவியில் வைக்க முடியாது. ஈரத்தோடு வெயிலில் விரித்துவிட்டு, காயக் காயத் தண்ணீர் தெளித்தால் ஒரே நாளில் போய்விடும். அது எங்களுக்கு மனப்பாடம். வெள்ளிக்கிழமை வெயிலே வரவில்லை. அப்பா அன்று முழுவதும் ஆற்றங்கரையில் நின்று வானத்தைப் பார்த்தார். ஆட்டம் சனிக்கிழமை.

விடிந்ததும் துணியைத் தலையில் வைத்துக்கொண்டு திடலுக்குப் போனேன். துணி காய்ந்திருந்தது. மஞ்சள் வெளுத்திருந்தது, போகவில்லை. பாங்கும் நானும் சட்டத்தில் கட்டினோம். வளையம் ஒரு ஓரத்தில்தான் தைத்திருந்தது, தலைகீழாகத் திருப்பிக் கட்ட வழியில்லை. பாய் அளவு மஞ்சள், மேலே நட்டநடுவில் வந்து நின்றது.

பாங் தலையைச் சாய்த்துப் பார்த்தார். "கப்பூர் போடலாம்லா" என்றார். கப்பூர் என்றால் சுண்ணாம்பு. திடலில் கோடு போடப் பொடியாக வைத்திருப்பார். ஒரு துணிப்பையில் பொடியைப் போட்டு, ஏணியில் ஏறித் தட்டித் தட்டி அப்பினார். மஞ்சள் மறைந்தது. நான் ஏணியைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

கறையை எடுப்பது எங்கள் தொழில். மூடுவது இல்லை. அது தெரிந்தும் நின்றேன். அவசரம். அதோடு சுண்ணாம்பு எங்கள் தொழிலில் கிடையாது. மஞ்சளில் சுண்ணாம்பைக் கலந்து ஆலத்தி சுற்றுவது பெண்கள் வேலை. கல்யாணத்தன்றைக்கு அத்தை கலக்கியதைப் பார்த்தேன். தட்டில் ரத்தம் மாதிரி இருந்தது. காலையில் அது என் புத்தியில் வரவில்லை.

துரை வந்தார். திரையைப் பார்த்தார். "நல்ல வெள்ளை. அந்தப் பொண்ணுகிட்டச் சொல்லு" என்றார்.

பேராக் முதலில் ஆடியது. மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எங்கள் அணி. நான் கயிற்றுக்கு வெளியே அங்சானா மரத்தடியில் நின்றேன். வேலை இருந்தது, போக மனம் இல்லை. துரை மட்டை பிடித்து நன்றாக அடித்துக்கொண்டிருந்தார். ஜெயிக்க இன்னும் கொஞ்சம்தான். கடல் கறுத்துக்கொண்டு வந்தது. மழை பிடித்துக்கொண்டால் ஆட்டம் யாருக்கும் இல்லை. தூறல் போட்டது. நிறுத்துவதா என்று நடுவர் கேட்டார். துரை கையை ஆட்டினார், வேண்டாம் என்று.

திரையைப் பார்த்தேன். முதலில் ரோஸ் நிறம். கண்தான் அப்படிக் காட்டுகிறது என்று நினைத்தேன். பிறகு செங்கல் நிறம். ஆலத்தித் தட்டு அப்போதுதான் ஞாபகத்துக்கு வந்தது.

பாங்கிடம் ஓடினேன். "பாங், துணி செவக்குது!"

அவர் கண்ணைச் சுருக்கிப் பார்த்தார். "ஓவர் முடியட்டும், சொல்லலாம்லா."

கடல் முனையிலிருந்து பந்து போட்டவர் பேராக் தோட்டத்துரை, நெட்டை ஆள். அவர் கை மேலே வருகிற இடமும் அந்தச் சிவப்பும் ஒன்றாக இருந்தன. கயிற்றைத் தாண்டி உள்ளே ஓடினேன். கச்சாங் பூத்தே, அதாவது வறுத்த கடலை, விற்கிற கிழவர் பின்னால் கத்தினார், "ஏம்பா, தொரைக்கு அங்கேயே சட்டை மாத்தப் போறியா?" கூட்டம் சிரித்தது. பாதித் தூரத்தில் ஒரு சீக்கியப் போலீஸ்காரர் என் கையைப் பிடித்துவிட்டார்.

"தொரெ! துணி!" என்று கத்தினேன். "துணி, தொரெ!"

துரை என் பக்கம் திரும்பினார். சிரித்தார். "துணி அப்புறம், தம்பி! போ!"

போலீஸ்காரர் இழுத்தார். நான் பின்பக்கமாக நடந்துகொண்டே பார்த்தேன். நெட்டை ஆள் ஓடிவந்தார். துரை மட்டையைத் தூக்கக்கூட இல்லை. பந்து வருவது அவருக்குத் தெரியவில்லை. சத்தம் எனக்குக் கேட்டது. இடது கண்.

ஆஸ்பத்திரி வாசலில் அப்பா மூன்று நாள் உட்கார்ந்திருந்தார். நான் சாப்பாடு கொண்டுபோனேன், அவர் தொடவில்லை. நாலாம் நாள் எங்கள் இரண்டு பேரையும் உள்ளே விட்டார்கள். முகத்தில் பாதி கட்டு. கிளப் காரியதரிசி பக்கத்தில் நின்றார். கிளப் துணியை இனி வேறு ஆளுக்குக் கொடுக்கப் போவதாக அவர் சொல்லியிருந்தார். நியாயம்தான் என்று நாங்களும் நினைத்தோம். அப்பா அதைச் சொல்லத்தான் போனார்.

"தொரெ, இனிமே உங்க துணியைத் தொட எங்களுக்கு அருகதை இல்ல."

"பெரியவரே, நீ உட்காரு" என்றார் துரை. "துணி கட்ட யார் சொன்னது? நான். தண்ணி ஊத்துன்னு யார் சொன்னது? நான். குனிஞ்சது யாரு?"

அப்பா உட்காரவில்லை.

"செவப்பா ஆனதை நான் பார்த்தேன். ஓவர் முடியட்டும்னு நின்னேன். ஜெயிக்கணும்னு நின்னேன்." பிறகு காரியதரிசியிடம் இங்கிலீஷில் அதையே சொன்னார். எனக்கு வார்த்தை புரியவில்லை. சொன்ன விதம் புரிந்தது.

உண்மையில் பார்த்தாரா, எங்களுக்காகச் சொன்னாரா, எனக்குத் தெரியாது. கேட்கவும் வாய் வரவில்லை.

கிளப் துணி எங்களிடமே இருந்தது. எங்களை ஒருத்தரும் அடிக்கவில்லை, திட்டவில்லை. போலீஸ் வரவில்லை. அடித்திருந்தால் தேவலை. மாதம் பிறந்ததும் கிளப் மேஜைத்துணி மூட்டை மூட்டையாக வந்தது. அந்தச் சோற்றைத்தான் தின்றோம். அப்பா அதற்குப் பிறகு எந்த வீட்டுக்கும் மேற்கட்டி கட்டப் போகவில்லை. கூப்பிட வருகிறவர்களிடம் இடுப்பு வலி என்பார். திடல் வழியாகப் போக வேண்டியிருந்தால் நான் சந்து சந்தாகச் சுற்றிப் போவேன். கச்சாங் பூத்தே கிழவர் ஒருநாள் வழி மறித்து, "தம்பி, அன்னிக்குத் தெரியாமச் சிரிச்சிட்டேன்" என்றார். அவர் முகத்தையும் பார்க்க முடியவில்லை.

அத்தை மகளைப் பிறகு நான் கட்டிக்கொண்டேன். எங்கள் கல்யாணத்தில் மஞ்சள் தண்ணீர் ஊற்றவில்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. யாரும் சொம்பை எடுக்கவில்லை. இத்தனை வருஷத்தில் நானும் அவளும் இதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. சண்டை வந்தால்கூட இல்லை.

ஒற்றைக் கண் ஆளைப் பட்டாளத்தில் வைத்துக்கொள்ள மாட்டார்களாம். சிங்கப்பூரில் டாக்டர்கள் பார்த்துவிட்டு, ஆகாது என்று எழுதிவிட்டார்கள். கிரீடம் வரவில்லை. கேப்டனாகவே ஊருக்குப் போகச் சொன்னார்கள். கப்பலுக்கு நாள் குறித்தாயிற்று. சமையல்காரர் வந்து சொன்னார்.

கடைசித் துவைப்பைக் கொடுக்க அவர் பங்களாவுக்குப் போனேன். சாயந்திரம். வீட்டுக்குப் பின்னால் வலை கட்டி, குச்சி நட்டிருந்தார். கையில் மட்டை. இடது கண்ணில் கறுப்புத் துணி. பந்து போட ஆள் இல்லை.

"துணியைக் கீழே வை. பந்தை எடு" என்றார்.

"எனக்குப் போடத் தெரியாது, தொரெ."

"கல் எறிவியா?"

"எறிவேன்."

"அப்ப எறி."

மெதுவாகப் போட்டேன். மட்டை ஒரு சாண் தள்ளிப் போயிற்று. இன்னொன்று. அதுவும் போயிற்று. அவர் முகத்தைப் பார்த்தேன், பிறகு மட்டையைப் பார்த்தேன். மூன்றாவது பந்தை மட்டையின் நடுவுக்குக் குறிவைத்துப் போட்டேன். பட்டது. அடுத்ததும் பட்டது.

அவர் மட்டையைத் தரையில் ஊன்றினார்.

"தம்பி."

"தொரெ."

"மட்டையைப் பார்த்துப் போடாதே. குச்சியைப் பார்த்துப் போடு."

எனக்குத் தலை நிமிரவில்லை. பந்தை எடுத்துச் சட்டையில் துடைத்தேன். போய்விடலாம் என்று இருந்தது. அவர் மறுபடி மட்டையைப் பிடித்துக் குனிந்து நின்றுவிட்டார். குச்சியைப் பார்த்துப் போட்டேன். விழுந்தது. அவரே நட்டார். மறுபடி போட்டேன். ஒவ்வொரு தடவையும் அவரே நட்டார், என்னை நடவிடவில்லை. இருட்டிக்கொண்டு வந்ததும், "சரி, போதும்" என்று மட்டையைச் சுவரில் சாய்த்துவிட்டுத் துணியை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்.

குச்சியைப் பார்த்து ஆறு பந்து போட்டேன். மட்டையில் பட்டது ஒன்று.